ஆல்மாஸ் எனக்கு என்ன உறவு?

நான்காவது பெஞ்சில், ஜன்னலோரமாக, அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் பருத்தித் துணியால் தலையை மூடியிருந்தாள். துணியின் ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பச்சையும் சிவப்புமாகக் கரை. மடியில் தடித்த பைபிள். பாட்டுக்கு எல்லாரும் எழுந்தால் எழுந்தாள், ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் மூடினாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எங்கள் தமிழ்ச் சபைக்கு டெல்லியில் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரே கோயில், மூன்று மொழி. காலையில் இந்தி ஆராதனை, அடுத்து ஆங்கிலம், அவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைத்த பிறகு எங்கள் முறை வரும். இவள் ஆங்கில ஆராதனைக்கு வந்தவள். வாசல் பலகையில் பழைய நேரம்தான் எழுதியிருந்தது. மாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், யாரும் மாற்ற மாட்டார்கள்.

அன்றைக்கென்று பார்த்து எங்கள் போதகருக்கு ஒரே உற்சாகம். யோனாவை மீன் வயிற்றுக்குள் அனுப்பியவர் ஒரு மணி நேரமாக வெளியே விடவில்லை. எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது. நம் பிள்ளைகள் இரண்டு பேர் செல்போனோடு மெல்ல நழுவிவிட்டார்கள். அவள் மட்டும் அசையவில்லை.

முடிந்ததும் டீ கொடுக்கும் மேஜை அருகே போய்ப் பிடித்துக்கொண்டேன். "ஆங்கில ஆராதனை காலையிலேயே முடிஞ்சுபோச்சே, தெரியாதா?" என்று கேட்டேன்.

"உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷமே தெரிஞ்சுபோச்சு, சிஸ்டர். பாதியில எழுந்து போனா மரியாதையா இருக்காதுன்னு இருந்துட்டேன்" என்றாள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "எழுந்து போறதுக்கு எனக்கு வேற இடமும் இல்லை" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பேசியது ஆங்கிலத்தில். இந்தக் கதை முழுக்க அவளும் நானும் ஆங்கிலத்தில்தான் பேசினோம், தமிழாக்குவது நான்.

ரத்தம் இல்லாத வாரம்

போன வாரம் ஆபரேஷன் தியேட்டர் கதையைப் படித்துவிட்டு, "எஸ்தர் அம்மா, ரத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருக்காக இந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்துவிட்டேன்.

இது ரொம்பப் பழைய கதையும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் இருந்தது. மோதி பாக்கில் எங்களுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ், என் பெயரில் ஒதுக்கியது. என் வீட்டுக்காரர் செல்லத்துரை தனியார் கம்பெனியில் இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்று, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை முழுநேர வேலையாக்கிக்கொண்டிருந்தார். ஒரே மகன் ஜோயல். அந்த மாதம்தான் மேல்படிப்புக்கு ஜெர்மனி போயிருந்தான். அவனுடைய பின் அறை காலியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதவைப் பார்க்காமல் இருக்க நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன்.

டீ மேஜையில் கேட்டறிந்தது இவ்வளவு. பெயர் ஆல்மாஸ். எத்தியோப்பியா. அங்கே ஒரு விவசாயக் கல்லூரியில் விரிவுரையாளர். முப்பது தாண்டியவள். மண் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க வந்திருக்கிறாள். வியாழக்கிழமை இறங்கியிருக்கிறாள். வெளிநாட்டு மாணவர் விடுதியில் இடம் உண்டு என்று கடிதத்தில் எழுதியிருந்த பல்கலைக்கழகம், நேரில் போனதும் "இன்னும் ஒன்றரை மாதம் ஆகும்" என்று சொல்லிவிட்டது. பஹார்கஞ்சில் ஒரு லாட்ஜில் பெட்டியைத் திறக்காமலே கிடக்கிறாள்.

"வாடகைக்கு வீடு பாக்கலையா?"

"பாத்தேன். அறை காலியா இருக்குன்னு போன்ல சொல்றாங்க. நான் போய் வாசல்ல நின்னதும் நிரம்பிடுது."

எனக்குச் சுருக்கென்றது. டெல்லியில் எனக்கு இது புதிய செய்தி இல்லை. ஆனால் அந்த வாரம் என் மகனும் ஜெர்மனியில் ஏதோ ஒரு வாசலில் நின்றுகொண்டிருந்தான். "ஹாஸ்டல் கிடைக்கிற வரைக்கும் எங்க வீட்டுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரைக் கேட்கவில்லை, குவார்ட்டர்ஸ் விதியை நினைக்கவில்லை. யோசிக்காமல் பேசுவது எனக்கு நர்ஸ் வேலைக்கு முன்பே வந்த பழக்கம்.

காலனியின் சொந்தபந்தங்கள்

அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒதுக்கீடு பெற்றவரின் குடும்பம் தங்கலாம். சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் ஒரு வரி தகவல் கொடுத்தால் போதும். வெளியாள் என்றால் முன்கூட்டியே மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். மனுப் போட்டவர் என்று ஒருவரை நான் என் சர்வீஸில் கண்டதில்லை.

அதனால் எங்கள் காலனியில் வெளியாட்களே கிடையாது, எல்லாரும் சொந்தக்காரர்கள். மேல் வீட்டுச் சந்தானம் சார் தஞ்சாவூர்க்காரர், ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் வீட்டுப் பின்னறையில் ஒன்றுவிட்ட மருமகன் ஒருவர் இருந்தார். மருமகன் பெயர் ராகேஷ் சிங். எதிர் பிளாக் பஞ்சாபி அம்மாள் வீட்டில் இரண்டு "சித்தி பெண்கள்", ஒருத்தி மணிப்பூர், ஒருத்தி ஒடிசா. யாரும் யாரையும் கேட்பதில்லை. சோதனைக்கு ஆள் வந்தால் எல்லாரும் எல்லாருடைய சொந்தக்காரர்களுக்கும் சாட்சி சொல்வோம்.

திங்கட்கிழமை காலை ஆட்டோவில் இரண்டு பெட்டியோடு ஆல்மாஸ் வந்து இறங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இவளை எந்தச் சித்தி பெண் என்று சொல்வது?

என் வீட்டுக்காரர் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எஸ்தரு, இவ உங்க அம்மை வழியா, அப்பன் வழியா?"

"வாடகை வாங்கினாத்தானங்க தப்பு? நாம ஒரு பைசா வாங்கலியே."

"நான் தப்புன்னு சொல்லல. என்ன முறைன்னுதான் கேக்கேன்" என்று குழாயைத் திறந்துவிட்டார்.

அன்று சாயந்திரமே அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

அந்தத் தாள்

வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிறவர்கள் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குத் தங்க இடம் கொடுத்தவர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும்: இன்னார் என் வீட்டில், இந்த முகவரியில் தங்கியிருக்கிறார். கீழே கையெழுத்து, கூடவே இடம் கொடுத்தவரின் அடையாள அட்டை நகல். இவ்வளவுதான். எட்டு வரி.

அவளே கடிதத்தைத் தட்டச்சு செய்து, என் பெயருக்கு இடம் விட்டுக் கொண்டுவந்திருந்தாள். "அடுத்த புதன்கிழமையோட கெடு முடியுது, சிஸ்டர். அவசரம் இல்லை."

கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. மருந்துப் பதிவேடு, ஷிஃப்ட் மாறும் பதிவேடு, கிழிந்த போர்வைப் பதிவேடு என்று பேனாவைத் தேய்த்தே காலம் போனவள் நான். அந்த எட்டு வரிக்குக் கீழே மட்டும் கை போகவில்லை. என் குவார்ட்டர்ஸில் வெளியாள் இருக்கிறாள் என்று நானே எழுதி, என் அடையாள அட்டையையும் சேர்த்து, அரசாங்கத்திடமே கொடுப்பதா? முன்பு மூன்றாவது பிளாக்கில் ஒரு குடும்பம் இந்த விஷயத்தில் மாட்டி, பிள்ளைகள் பரீட்சை நேரத்தில் வீட்டைக் காலி செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"நாளைக்குப் போட்டுத் தரேன்" என்றேன். செவ்வாய்க்கிழமை டியூட்டி என்றேன். புதன்கிழமை அடையாள அட்டை லாக்கரில் இருக்கிறது என்றேன். வியாழக்கிழமை தலைவலி என்று படுத்துவிட்டேன். அட்டை என் கைப்பையில்தான் இருந்தது.

அவள் இரண்டாம் முறை கேட்கவே இல்லை. காலையில் நான் கிளம்பும்போது அந்தத் தாள் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கும். வரும்போதும் அங்கேயே இருக்கும். நான் அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டேன்.

ஏன் போகிறார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் கிளை பிரிகிறேன். ஏன் அந்தப் பல்கலைக்கழகம், ஏன் அந்த நாடு என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். எல்லாரும் "உலகத் தரம்" என்றுதான் எழுதுவார்கள். உண்மைக் காரணத்தை எழுதியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு நர்ஸின் மகள் அயர்லாந்து போனாள். மழை பிடிக்கும் என்பது காரணம். இன்னொருத்தியின் மகன் ஆஸ்திரேலியா போனது, அவன் வகுப்பில் நான்கு பேர் போனதால். எங்கள் ஜோயல் ஒரு வருடம் பேராசிரியர், ஆய்வகம், தரவரிசை என்று என்னவெல்லாமோ சொல்லி எங்களைச் சம்மதிக்க வைத்தான். ஏர்போர்ட்டுக்குப் போகிற டாக்ஸியில்தான் உண்மையைச் சொன்னான்: "ஸச் பதாவூன் அம்மா, அங்க இருந்துதான் ஃபர்ஸ்ட் ரிப்ளை வந்துச்சு."

கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்றும் சொன்னான். "இங்க எல்லாருக்கும் நான் மதராசி. ஊருக்குப் போனா டெல்லிக்காரன். அங்க போனா ஒரேடியா ஃபாரினர். ஸிம்பிள்மா, யாருக்கும் எக்ஸ்ப்ளெயின் பண்ண வேணாம்." எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆல்மாஸும் சபையில் கேட்டவர்களிடமெல்லாம் "இந்தியாவில் படிப்பு நல்ல தரம்" என்றுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு உண்மையைச் சொன்னாள். அவள் ஊரில் டெஃப் என்று ஒரு தானியம், அதை அரைத்துப் புளிக்க வைத்து இஞ்செரா என்று பெரிய தட்டு அகலத்துக்குச் சுடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் வேகும், மேலெல்லாம் கண் கண்ணாக ஓட்டை. என் வீட்டுக்காரர் ஒரு துண்டைப் பிய்த்து மீன் குழம்பில் தோய்த்துவிட்டு, "ஆப்பத்துக்குக் கூடப் பொறந்ததுல்லா இது" என்றார்.

"எங்க கல்லூரியில டாக்டர் பட்டம் இல்லேன்னா வேலை நிலைக்காது" என்றாள் ஆல்மாஸ். "மூணு நாட்டுக்கு எழுதினேன். ஒரு இடத்தில அஞ்சு வருஷம் ஆகும். டெல்லியில படிச்ச எங்க சீனியர் ஒருத்தர் மூணே வருஷத்தில முடிச்சுத் திரும்பினார். அதான் டெல்லி."

"ரெண்டு வருஷம் கூட ஆனா என்ன?"

மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண், நாய்க்குட்டியைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு. பெயர் பெத்தேல். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு வைக்கிற பெயர்.

"என் பொண்ணை அக்காகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். மூணு வருஷம்னா, அவ என்னை மறக்கிறதுக்குள்ள போயிடலாம்."

அப்போதும் அந்தத் தாள் மேஜையில்தான் இருந்தது. கெடுவுக்குள் பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பல்கலைக்கழகத்தில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். விசா சிக்கலாகும். திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். வேலையும் போகும், படிப்பும் போகும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் செடிகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறாள். அவர் வந்து என்னிடம் சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

காப்பிப் புகை

சனிக்கிழமை காலை கதவு இடிபட்டது. "சிஸ்டர்! சிஸ்டர்! ஏதோ தீயறது!" என்று சந்தானம் சாரின் குரல். கையில் வாளி.

தீயவில்லை. ஆல்மாஸ் பின்னறையில் பச்சைக் காப்பிக்கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் போன புகை நேராக மேல் வீட்டுக்கு ஏறியிருக்கிறது. சந்தானம் சார் வாளியோடு உள்ளே வந்து நின்றார். புகையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"பீபெரிக் கொட்டையா?"

"இல்ல சார், அவங்க ஊர்க் கொட்டை."

"அச்சா" என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் ஊர் வழக்கப்படி காப்பி ஒரு தடவையோடு முடியாது. கொட்டையை வறுத்து, இடித்து, மண் கூஜாவில் கொதிக்க வைத்து, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களில் மூன்று சுற்று ஊற்றுவாள். முதல் சுற்று கடுமை, மூன்றாவது தண்ணீர் மாதிரி. மூன்றையும் குடிக்காமல் எழுந்து போகக் கூடாது. சந்தானம் சார் மூன்றையும் குடித்தார். பால் இல்லாத காப்பியை ஜன்மத்தில் தொட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.

அவள் கிண்ணம் கழுவப் போனதும் குரலைத் தாழ்த்தினார். "யாரு இது?"

சொன்னேன். தாளையும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஆபீஸ் கோப்பைப் படிக்கிற முகம் வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கோ சிஸ்டர். ஆத்துல ஒருத்தர் இருக்கறது வேற, இருக்கான்னு எழுத்துல குடுக்கறது வேற. இதுல கையெழுத்துப் போட்டேள்னா, உங்க மெமோவை நீங்களே டைப் அடிச்ச மாதிரி. ரிட்டயர்மென்ட் பக்கத்துல எதுக்கு இந்த ஜஞ்சட்?"

"பின்ன அவ எங்க போவா சார்?"

"அது பாவம்தான்" என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். "வேற யாராவது பிரைவேட் வீட்டுக்காரா கிடைப்பா. ஜல்தி பாக்கச் சொல்லுங்கோ." வாளியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அந்தக் கொட்டை கொஞ்சம் கிடைக்குமா என்று அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு வேண்டியதைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன்

ஜோயல் ஞாயிறு மதியம், நாங்கள் கோயிலுக்குக் கிளம்பும் முன்பு, வீடியோவில் வருவான். அவனுக்கு அப்போது காலை நேரம். ஆல்மாஸ் வந்திருப்பது அவனுக்குத் தெரியும். தாள் விஷயம் சொல்லவில்லை.

அன்றைக்கு முகம் வாடியிருந்தது. என்னடா என்று கேட்டேன். தங்க ஓர் அறை கிடைத்திருக்கிறது, வயதான ஒரு அம்மாள் தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்த ஊரிலும் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டுமாம். அதற்கு அறை கொடுத்தவர் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் தர வேண்டுமாம். அது இல்லாமல் பேங்க் கணக்கு முழுதாகத் திறக்காது, தங்கும் அனுமதி நீளாது.

"அந்த ஆன்ட்டி அச்சே ஆள்தான்மா. ரொட்டி எல்லாம் செஞ்சு குடுக்கறாங்க. பேப்பர் மட்டும் தர மாட்டேங்கறாங்க. நாளைக்கு, நாளைக்குன்னு டால்றாங்க."

"ஏன் தர மாட்டாளாம்?"

"அவங்களே வாடகைக்குத்தான் இருக்காங்க. உள்ள ஆள் வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா வீடு போயிடுமாம்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "ஒரு கையெழுத்துப் போட்டா அவ கை தேஞ்சா போவும்? பெத்தவளா அவ? ஊரு விட்டு ஊரு வந்த பிள்ளை தெருவுல நிக்கட்டும்னு விட்டுட்டு ரொட்டி சுட்டுக் குடுக்காளாம் ரொட்டி! நல்லா இருப்பாளா அவ?" இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். வேதப்புத்தகத்தில் இல்லாத சாபமெல்லாம் வாயில் வந்தது.

"டென்ஷன் எடுக்காதீங்கம்மா" என்று அவன்தான் எனக்குச் சமாதானம் சொல்லி வைத்தான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் ஆல்மாஸ் வெங்காயத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தமிழ் தெரியாது. ஆனால் சத்தம் எந்த மொழிக்கும் பொதுதானே. "மகனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கோபத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மறுபடி சொன்னேன். பாதி சொல்லும்போதே என் காதில் என் குரல் விழ ஆரம்பித்தது. கடைசி வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவள் வெங்காயத்தைப் பார்த்தபடி சொன்னாள். "அந்த அம்மா மேல கோபப்படாதீங்க, சிஸ்டர். கொடுக்கக் கூடாதுங்கிற எண்ணமா இருக்காது. பயமா இருக்கும்."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது கேட்டிருப்பேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் சோபாவில் உட்கார்ந்தேன். அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கவில்லை. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "ஜெர்மனிக்காரிக்குப் போட்ட சாபம் பூராவும் மோதி பாக்லல்லா வந்து விழுது, எஸ்தரு."

உறவு என்கிற கட்டம்

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸ் விவகாரம் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனேன். கையெழுத்துப் போடுவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் திருட்டுத்தனமாகப் போட எனக்கு வராது. வெளியாளுக்கு அனுமதி கேட்கும் மனு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மனுவை வாங்கும் குமாஸ்தா இளைஞர், நல்ல மாதிரி. அந்தப் படிவத்தைத் தேடி எடுக்கவே அவருக்கு அரை மணி நேரம் ஆனது. தூசியைத் தட்டினார்.

"மேடம்ஜி, யாரும் இதைக் கேட்டு வந்ததே இல்லை. கஸின் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்" என்று இந்தியில் சொன்னார்.

நான் ஆல்மாஸின் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கஸின் வேண்டாம்" என்றார்.

பெயர் என்ற கட்டத்தில் சின்னத் தகராறு. குடும்பப் பெயர் எங்கே என்றார். அவர்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். எங்களுக்கும் அப்படித்தானே, இனிஷியலை முன்னால் போட்டுக்கொள்கிறோம். இருபத்தைந்து வருடமாக டெல்லிக் கவுன்ட்டர்களில் எனக்காக நடத்திய அந்தச் சண்டையை அன்றைக்கு அவளுக்காக நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன்.

அடுத்தது உறவு. "ரிஷ்தா க்யா லிக்கூன்?" உறவுக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள்."

"காலியாக விட்டால் கோப்பு நகராது மேடம்ஜி."

"காலியாக விடச் சொல்லவில்லை. உறவு இல்லை என்று எழுதச் சொல்கிறேன்."

எழுதினார். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டார். நாளையிலிருந்து என்று போட்டால் முன்கூட்டிக் கேட்ட மாதிரி இருக்கும் என்று அவரே வழியும் சொன்னார். நான் போன திங்கட்கிழமை என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைக்குப் போய் அந்த எட்டு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அடையாள அட்டையை என் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் நகல் எடுத்து வந்தார். ஆல்மாஸ் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்வாள், நான் பரவாயில்லை என்பேன் என்று தயாராக இருந்தேன். அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக அழுதாள். ஏழு நாளாக அவள் எவ்வளவு பயத்தை எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமைக்கு முன்பே பதிவு முடிந்தது. இரண்டு மாதம் கழித்து எனக்கு மெமோவும் வந்தது. முன் அனுமதி இல்லாமல் வெளியாளைத் தங்க வைத்தது ஏன்? விளக்கம் எழுதினேன். சந்தானம் சார்தான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார், காப்பி குடித்துக்கொண்டே. கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். என் சர்வீஸில் மருந்து மாற்றிக் கொடுத்ததற்கோ நேரம் தவறியதற்கோ ஒரு தாள் கிடையாது. இந்த ஒன்றுதான் இருக்கிறது. ஆல்மாஸ் அதற்குள் விடுதிக்குப் போய்விட்டாள்.

ஜெர்மனிக்காரி

இனி ஜோயல். நான் இங்கே போட்ட கையெழுத்துக்கு அங்கே பலன் கிடைக்கும் என்று உள்ளூர ஓர் ஆசை இருந்தது. ஆண்டவரிடம் ஜாடையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். அப்படியெல்லாம் நடக்கவில்லை. அந்த அம்மாள் கடைசிவரை தாள் தரவில்லை. பக்கத்து ஊரில், தினமும் ரயிலில் ஒன்றரை மணி நேரம் போய்வரும் தூரத்தில் அவனுக்கு வேறு அறை கிடைத்தது.

காலி செய்கிற அன்று வீடியோவில் வந்தான். பின்னால் கட்டின பெட்டிகள். "அம்மா, ஆன்ட்டி உங்ககிட்ட பேசணுமாம். ஒரு வாரமா சொல்லிட்டே இருக்காங்க" என்று போனைத் திருப்பினான்.

வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய, ஒடிசலான ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். அரைகுறை ஆங்கிலம். "உங்கள் மகன் நல்ல மகன். எனக்குப் பயம். மன்னிக்க வேண்டும்" என்றாள். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் என்று தோன்றியது.

"எனக்குத் தெரியும்மா" என்றேன். "எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு வந்து இதே தாளைக் கேட்டா. நானும் ஏழு நாள் பயந்துக்கிட்டு இருந்தேன்."

ஜோயல் ஜெர்மன் மொழியில் அவளுக்கு எடுத்துச் சொன்னான். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு ஒரு விரலை உயர்த்தி, "எட்டாவது நாள்?" என்று கேட்டாள்.

ஜோயலும் அதே கேள்வியோடு என்னைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் அவன் பெட்டிகள், அவனுக்குப் பக்கத்தில் அந்த முகம்.

"எட்டாவது நாள் அவ யூனிவர்சிட்டியிலேயே அந்தத் தாளைக் குடுத்துட்டாங்க" என்றேன்.

அந்த அம்மாள் மூச்சை விட்டுச் சிரித்தாள். ஜோயலும் அதைத்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். டெல்லியில் வளர்த்த பிள்ளை, தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.